மதுபனி மீன் யாருடைய மீன்?

2025 பிப்ரவரி 1 அன்று நிர்மலா சீதாராமன் பட்ஜெட் தாக்கல் செய்ய வந்தபோது, டி.வி. சேனல்கள் வழக்கம்போல முதலில் புடவையைத்தான் பேசின. வெளிர்நிறப் பட்டு, தங்கநிறக் கரை, மதுபனி பாணியில் மீன்கள். பீகாரின் மதுபனி மாவட்டத்துக்குப் போயிருந்தபோது துலாரி தேவி என்ற ஓவியர் அதைக் கொடுத்து, பட்ஜெட் அன்றைக்குக் கட்டிக்கொள்ளச் சொல்லியிருந்தார். அதே பட்ஜெட்டில் பீகாருக்கு மக்கானா என்ற நீர்ச்செடி விதைக்கென ஒரு வாரியமும் அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டு பீகாரில் தேர்தல். புடவைக்கும் வாரியத்துக்கும் முடிச்சுப் போட்டு அன்று மாலையே விவாதங்கள் ஓடி முடிந்தன.

அந்த அரசியல் இருக்கட்டும். மீன், மக்கானா இரண்டும் மிதிலைப் பகுதியின் குளங்களிலிருந்து வருபவை. மீனை வலைபோட்டுப் பிடிப்பவர்களும், மக்கானா விதையைச் சேற்றுக்குள் மூழ்கி அள்ளி எடுப்பவர்களும் பெரும்பாலும் மல்லா சாதியினர். துலாரி தேவி அந்தச் சாதியில் பிறந்தவர். மதுபனி ஓவியத்தில் மீன் பல தலைமுறையாக இருக்கிறது. ஆனால் அதை வரைந்துகொண்டிருந்தவர்களில் மீன் பிடிக்கத் தெரிந்தவர்கள் அநேகமாக யாரும் இல்லை.

"இயற்கையும் அன்றாட வாழ்வும் இந்தப் பெண்களின் ஓவியங்களுக்கு ஊக்கம்" என்று கண்காட்சி அட்டைகளில் எழுதி வைப்பார்கள். தப்பில்லை, ஆனால் பாதிதான் சொல்லியிருக்கிறார்கள். யாருடைய அன்றாடம் என்று கேட்டால்தான் மதுபனி ஓவியத்தின் கடந்த அறுபது ஆண்டுக் கதை பிடிபடும். ஒரே ஊர், ஒரே குளம், ஒரே மூங்கில் தோப்பு. ஆனால் ஒரு பெண் எந்தத் தெருவில் பிறந்தாள், வாசலைத் தாண்டி வெளியே போக அவளுக்கு அனுமதி இருந்ததா, யார் வீட்டில் பாத்திரம் தேய்த்தாள் என்பதைப் பொறுத்து அந்தக் குளம் வேறு வேறாகத் தெரிந்தது.

மிதிலை என்பது வட பீகாரும் அதை ஒட்டிய நேபாளச் சமவெளியும் சேர்ந்த நிலம். சீதை பிறந்ததாகச் சொல்லப்படும் ஜனக்பூர் இப்போது நேபாளத்தில் இருக்கிறது. இமயத்திலிருந்து இறங்கும் கோசி, கமலா, பாகமதி ஆறுகள் மழைக்காலத்தில் கரை மீறி வண்டலைக் கொட்டிவிட்டுப் போகும். நெல், மாந்தோப்பு, மூங்கில், எங்கு பார்த்தாலும் குளம். "அடிக்கு அடி குளம், மீன், மக்கானா" என்று அந்த ஊர்ச் சொலவடையே இருக்கிறது. மக்கானாவை நம் ஊர்க் கடைகளில் தாமரை விதை என்று சொல்லி விற்கிறார்கள். அது தாமரை இல்லை. அல்லிக் குடும்பத்தைச் சேர்ந்த, தட்டு மாதிரி பெரிய முள் இலை விடும் ஒரு நீர்ச்செடி. விதைகள் முற்றிக் குளத்தின் அடியில் போய்ப் படியும். அவற்றை அள்ளி, காயவைத்து, வறுத்து, சூட்டோடு தட்டினால் வெள்ளைப் பொரியாகும். இவ்வளவையும் கையாலேயே செய்தாக வேண்டியிருந்ததால் அது கூலி வேலையாகவும் சாதி வேலையாகவும் நின்றுபோனது.

இந்த நிலத்துப் பெண்கள் தரையிலும் சுவரிலும் வரைந்தார்கள். தரையில் வரைவது அரிபன். ஊறவைத்த அரிசியை அரைத்து, விரல் நுனியில் தொட்டு, மெழுகிய தரையில் இழுப்பது. நம் மாக்கோலம் தெரிந்தவர்களுக்கு அதை விளக்கவே வேண்டாம். நோன்புக்கும் பண்டிகைக்கும் தனித்தனி அரிபன் உண்டு. சுவரில் வரைவதில் முக்கியமானது கோஹபர், அதாவது புதுமணத் தம்பதியை நான்காம் நாள் சடங்குவரை தங்கவைக்கும் அறையின் ஓவியம். நடுவில் நேராக எழும் ஒரு மூங்கில், அதைச் சுற்றி வட்ட வட்டமாகத் தாமரை இலைகள். ஓரங்களில் மீன், ஆமை, கிளி ஜோடி, பாம்பு, தேள், சூரியன், சந்திரன். ஒரு பக்கம் மணப்பெண் கௌரியை வணங்குகிறாள். அறையின் மூலைகளில் நைனா ஜோகின் என்ற காவல் பெண், முக்காடு போட்டு ஒற்றைக் கண் மட்டும் தெரிய நிற்பாள், கண்ணேறு கழிக்க.

மூங்கில் கிளைத்துக் கிளைத்துப் பெருகுவது வம்சத்துக்கு, மீன் பிள்ளைப்பேறுக்கு, கிளி காதலுக்கு என்று அர்த்தம் சொல்வார்கள். எல்லாம் கொல்லைப்புறத்திலும் குளக்கரையிலும் பார்க்கக் கிடைப்பவைதான். ஆனாலும் கோஹபர் வரையும் பெண் குளத்தைப் பார்த்து மீனை வரையவில்லை. பாட்டி போட்ட மீனை அம்மா போட்டாள், அம்மா போட்டதை மகள் போட்டாள். முதல் கோட்டை மூத்த சுமங்கலி இழுப்பாள், மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து நிரப்புவார்கள். அந்த மீனுக்குப் பக்கத்தில் வலை கிடையாது, படகு கிடையாது, விலையும் கிடையாது.

இவ்வளவு விரிவான கோஹபர் பெரும்பாலும் பிராமணர், காயஸ்தர் வீடுகளுக்கு உரியது. அந்த வீட்டுப் பெண்கள் முக்காட்டுக்குள் வாழ்ந்தவர்கள். சந்தைக்குப் போக மாட்டார்கள், வயலில் இறங்க மாட்டார்கள். அவர்களுடைய சுற்றுப்புறம் என்றால் முற்றமும் உள்ளறையும்தான். எல்லாவற்றிலும் கண்ணைப் பறிக்கிற இயற்கைச் சித்திரங்களை வரைந்தவர்கள் இயற்கைக்குள் போவதற்கே தடை இருந்த பெண்கள் என்பது எனக்கு எப்போதும் உறுத்துகிற விஷயம். விதிவிலக்காக ஒரு மாதம் உண்டு. ஆடி, ஆவணியை ஒட்டி வரும் சிராவணத்தில், புதிதாகக் கல்யாணம் ஆன பெண்கள் மதுஸ்ராவணி நோன்பு இருப்பார்கள். இரண்டு வாரம் போலத் தோழிகளோடு வெளியே போய்ப் பூவும் இலையும் பறித்து வந்து, நாக தெய்வத்துக்குப் படைத்து, மூத்த பெண்கள் சொல்லும் பாம்புக் கதைகளைக் கேட்க வேண்டும். மழைக்காலம், வெள்ளக்காலம், பாம்புகள் வளையைவிட்டு வீட்டுக்குள் வரும் காலம். ஜித்வார்பூர் கிராமத்தின் பௌவா தேவி தன் வாழ்நாள் முழுக்க வரைந்த நாககன்னிகள் இந்தக் கதைகளிலிருந்து வந்தவர்கள். இடுப்புக்குக் கீழே பாம்பு, மேலே பெண், காகிதத்தின் உயரம் முழுவதும் சுருண்டு நிற்பாள். 1989-இல் பாரிஸ் பாம்பிடூ மையத்தின் மிகப் பெரிய உலகக் கலைக் கண்காட்சியில் அவருடைய ஓவியங்கள் இருந்தன. பத்மஸ்ரீ வந்தது 2017-இல்.

வெளியுலகம் இந்தச் சுவர்களைப் பார்த்ததே ஒரு விபத்தில்தான். 1934 ஜனவரி 15 அன்று பீகாரை உலுக்கிய பூகம்பத்தில் வீடுகள் பிளந்தன. சேதத்தைப் பார்வையிடப் போன பிரிட்டிஷ் அதிகாரி வில்லியம் ஆர்ச்சரின் கண்ணில் உள்ளறைச் சுவர்கள் பட்டன. வீட்டு ஆண்களைத் தவிர வேறு ஆண் யாரும் நுழையாத அறைகள் அவை. அவர் பின்னர் படம் எடுத்தார். 1949-இல் 'மார்க்' இதழில் கட்டுரை எழுதினார். க்ளே, மீரோ என்று ஐரோப்பிய ஓவியர்களோடு ஒப்பிட்டுப் பாராட்டினார். வரைந்த பெண்களின் பெயர்களை அன்றைக்கு யாரும் குறித்துவைக்கும் வழக்கம் இல்லை. பெயர் போட இடமும் இல்லை. அடுத்த கல்யாணத்துக்கு மறுபடி சாணி மெழுகினால் பழைய ஓவியம் போயிற்று.

சுவரிலிருந்து காகிதத்துக்கு மாறியது பஞ்சத்தால். 1966, 67-இல் பீகாரில் மழை பொய்த்தது. அகில இந்திய கைவினை வாரியத்தில் இருந்த புபுல் ஜெயகர், பம்பாய் ஓவியர் பாஸ்கர் குல்கர்னியை மதுபனிக்கு அனுப்பினார். சுவரில் போடுவதைக் காகிதத்தில் போட்டால் விற்றுத் தருகிறோம் என்பதுதான் திட்டம். ஆரம்பத்தில் ஒத்துக்கொண்டவர்கள் கொஞ்சம் பேர்தான். கோஹபரை முன்பின் தெரியாதவனுக்கு விற்பதா என்ற தயக்கம் இருந்திருக்கும், வீட்டுப் பெண் வரைந்ததற்குக் காசு வாங்குவதா என்ற கூச்சமும் இருந்திருக்கும். பசி அதைத் தாண்டியது.

காகிதம் வந்ததும் மாறிய முதல் விஷயம், கையெழுத்து. வாங்குகிறவர் யார் வரைந்தது என்று கேட்டார். ஓவியத்தின் மூலையில் தேவநாகரியில் பெயர் வந்தது. அந்தப் பெயர்களுக்கு அரசு விருதுகளும் வந்தன. ஜகதம்பா தேவிக்கு 1975-இல் பத்மஸ்ரீ, சீதா தேவிக்கு 1981-இல், கங்கா தேவிக்கு 1984-இல், மகாசுந்தரி தேவிக்கு 2011-இல், கோதாவரி தத்துக்கு 2019-இல். ஒரு மாவட்டத்தின் சில கிராமங்களிலிருந்து இத்தனை பெண்கள் இந்த வரிசையில் வந்த மாதிரி வேறு இடம் எனக்குத் தெரியவில்லை.

காகிதத்தில் வந்தபின் பாணி வேறுபாடும் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அது சாதி வேறுபாடு. பிராமணப் பெண்களின் பாணி பர்னி: இரட்டைக் கோட்டில் உருவம், உள்ளே அடர்த்தியான நிறம். ஜித்வார்பூரின் சீதா தேவி இதில் பெரிய பெயர். அவருடைய கிருஷ்ணனும் துர்க்கையும் ஆரஞ்சும் மஞ்சளுமாகத் தாளை அடைத்துக்கொண்டு நிற்பார்கள். காயஸ்தப் பெண்களின் பாணி கச்னி: கறுப்பும் சிவப்புமாக இரண்டே மை, நிறம் நிரப்புவதற்குப் பதில் இழை இழையாகக் கோடு. காயஸ்தர்கள் கணக்கெழுத்தும் பட்டா எழுத்தும் செய்த குடும்பத்தார். வீட்டில் மையும் எழுதுகோலும் எப்போதும் இருந்தன. பெண்களின் கோடு அவ்வளவு மெலிதானதற்கு அதுவும் ஒரு காரணம் என்றுதான் தோன்றுகிறது.

நிறங்கள் பற்றி ஒரு வார்த்தை. விளக்குக் கரியைச் சாணியிலோ பிசினிலோ குழைத்தால் கறுப்பு, மஞ்சள் கிழங்கில் மஞ்சள், அவரை இலையில் பச்சை, அவுரியில் நீலம், அரிசி மாவில் வெள்ளை. மூங்கில் குச்சியின் நுனியில் பஞ்சு சுற்றினால் தூரிகை. இதெல்லாம் உண்மைதான், இன்றும் செய்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் காகிதம் வந்தபின் கடை நிறமும் அக்ரிலிக்கும் பேனா நிப்பும் சேர்ந்தே வந்தன. "நூறு சதவீதம் இயற்கை நிறம்" என்று கேட்டு வாங்குகிற நகரத்து ஆட்களின் பிடிவாதம் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரவைக்கும். தங்கள் சட்டைக்கு அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

கங்கா தேவியிடம் கொஞ்சம் நின்று போக வேண்டும். 1928-இல் சதாரா கிராமத்தில் காயஸ்தக் குடும்பத்தில் பிறந்தவர். ரசீத்பூருக்குக் கல்யாணம் ஆகிப் போனார். பிள்ளை இல்லை. கணவர் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டார், வீட்டில் இவருக்கு இடம் இல்லாமல் போனது. கோஹபரில் மூங்கிலும் மீனும் எதற்காக வரையப்படுகின்றனவோ, அந்த வரம் கிடைக்காத பெண். அவர்தான் அந்த மூங்கிலையும் மீனையும் மற்ற யாரையும்விட நேர்த்தியாக வரைந்தார். 'மானவ ஜீவன்' என்ற அவருடைய ஓவிய வரிசை, மிதிலைப் பெண் ஒருத்தியின் பிறப்பு முதல் தொடரும் சடங்குகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்வது. கடவுள் கதை இல்லாமல் பெண்ணின் ஆயுளையே விஷயமாக எடுத்துக்கொண்டு மதுபனி பாணியில் ஒருவர் வரைந்தது அன்றைக்குப் புதிது.

1985-இல் அமெரிக்காவில் நடந்த இந்திய விழாவுக்கு அவரை அழைத்துப் போனார்கள். திரும்பி வந்து வாஷிங்டன் நினைவுத்தூணை வரைந்தார், ரோலர் கோஸ்டரை வரைந்தார். கோஹபரில் தாமரைத் தண்டை வளைக்கப் பழகிய கை ரோலர் கோஸ்டரின் தண்டவாளத்தை வளைத்தது. பிறகு புற்றுநோய் வந்தது. டெல்லியில் சிகிச்சை. அங்கிருந்தபடி மருத்துவமனையையே வரைந்தார்: படுக்கைகள், மருத்துவர்கள், சிகிச்சை, ஊரிலிருந்து வந்த பயணம். இந்த வரிசைதான் மதுபனி ஓவிய வரலாற்றின் திருப்புமுனை என்று நினைக்கிறேன். மற்றப் பயணங்கள் அழைத்துப் போய்க் காட்டியவை, அவற்றை வரைவதை எதிர்பார்க்கவும் செய்திருப்பார்கள். புற்றுநோய்ப் பிரிவை வரையச் சொல்லி எந்த வியாபாரியும் கேட்டிருக்க மாட்டான். தன் கண்முன் என்ன இருக்கிறதோ அதை வரையலாம் என்பதை ஒரு பெண் தானாகவே முடிவு செய்த இடம் அது.

அதே நாட்களில் டெல்லி கைவினை அருங்காட்சியகத்தின் ஓர் அறையில் கோஹபரைச் சுவரிலேயே வரைந்தார். 1991-இல் இறந்தார். அந்த அறை 2015-இல் அருங்காட்சியகப் புதுப்பிப்பு வேலையில் அழிக்கப்பட்டது. கிராமத்தில் சுவர் ஓவியம் அழிந்தால் அடுத்த கல்யாணத்துக்கு மறுபடி வரைவார்கள். தலைநகரில், பாதுகாப்பதற்கென்றே கட்டிய கட்டடத்தில், வரைந்தவர் உயிரோடு இல்லாத நிலையில் அழிந்ததற்கு என்ன சமாதானம் சொல்வது? ஜப்பானின் நீகாட்டா மாவட்டத்தில், பனி கொட்டும் தோகாமாச்சி ஊரில், 1982 முதல் மிதிலைக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. கங்கா தேவி, கர்ப்பூரி தேவி, கோதாவரி தத் எல்லோரும் அங்கே தங்கி வரைந்தவர்கள். அங்கே அந்த ஓவியங்கள் பத்திரமாக இருக்கின்றன.

சரி, இதுவரை சொன்னது முற்றத்துக்குள் இருந்தவர்களின் கதை. ஜித்வார்பூரிலேயே துசாத், சமார் என்ற தலித் சாதியினரின் தெருக்கள் இருந்தன. அந்தப் பெண்களும் சுவரில் வரைந்தார்கள், களிமண்ணில் யானையும் குதிரையும் புடைத்து வைத்தார்கள். கையிலும் காலிலும் பச்சை குத்திக்கொண்டார்கள். 1966-இல் காகிதம் வந்தபோது முதலில் அது போய்ச் சேர்ந்தது மேல்சாதி வீடுகளுக்கு. காகித ஓவியத்துக்குப் பணம் வருவதைப் பார்த்து மற்றவர்களும் வரைய விரும்பினார்கள். ஆனால் ராமாயண, கிருஷ்ணக் காட்சிகளும் கோஹபரும் மேல்சாதிக்காரர்களின் சொத்தாகக் கருதப்பட்டன. 1970-களின் தொடக்கத்தில் எரிகா மோசர் என்ற ஜெர்மானிய ஆய்வாளர், உங்களிடம் இருப்பதையே வரையுங்கள் என்று துசாத் பெண்களைத் தூண்டினார். சானோ தேவி தன் சாதிப் பெண்களின் உடம்பில் இருந்த பச்சையைக் காகிதத்துக்குக் கொண்டுவந்தார்.

அப்படிப் பிறந்ததுதான் கோத்னா பாணி. வரிசை வரிசையாக, வட்டம் வட்டமாகச் சின்னச் சின்ன உருவங்கள், மரம், பறவை, குதிரை. ஆரம்பத்தில் வெறும் கரிக்கறுப்பு. ராமனுக்குப் பதில் துசாத்களின் வீர தெய்வம் ராஜா சல்ஹேஸ் யானைமேல் வருவார். அவரைக் காதலித்த மாலின் பெண்கள், அதாவது பூத்தோட்டக்காரிகள், பூக்கூடையோடு காத்திருப்பார்கள். இங்கே பூவைப் பார்த்தால் அது பூஜைப் பூவாகத் தெரியாது. தோட்டத்தில் வேலை செய்பவள் கையில் இருக்கும் பூ. இந்தப் பாணிக்கு அரசின் பெரிய அங்கீகாரம் வர 2024 ஆனது. சாந்தி தேவிக்கும் அவர் கணவர் சிவன் பாஸ்வானுக்கும் அந்த ஆண்டு பத்மஸ்ரீ. முதல் பத்மஸ்ரீக்கும் இதற்கும் நடுவில் 49 ஆண்டுகள்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இன்று எந்தக் கைவினைக் கண்காட்சிக்குப் போனாலும் மதுபனி ஓவியத்தின் காகிதம் இளம்பழுப்பாக இருக்கும், சாணித் தண்ணீர் பூசியது. பழமையான மண்சுவரின் வாசனை என்று விற்பனையாளர் சொல்வார். காகிதத்தில் சாணி பூசும் வழக்கத்தைத் தொடங்கி வைத்தது சமார் சாதியைச் சேர்ந்த ஜமுனா தேவி என்று சொல்வார்கள். பிறகு எல்லாச் சாதி ஓவியர்களும் அதை எடுத்துக்கொண்டார்கள்.

துலாரி தேவியின் ஊர் ரான்டி. மகாசுந்தரி தேவி, கர்ப்பூரி தேவி, கோதாவரி தத் மூவரும் வாழ்ந்த ஊர். துலாரி சின்ன வயதிலேயே கல்யாணம் ஆகி, பிறந்த குழந்தையைப் பறிகொடுத்து, தாய்வீட்டுக்குத் திரும்பியவர். பள்ளிக்கூடம் போனதில்லை. மகாசுந்தரி தேவியின் வீட்டில் வீட்டுவேலைக்குப் போனார், பெருக்கி, பாத்திரம் கழுவி. அங்கே பெண்கள் உட்கார்ந்து வரைவதைப் பார்த்து, தானும் முற்றத்து மண்ணில் குச்சியால் கீறிப் பார்த்தார். பிறகு மகாசுந்தரி தேவியிடமும் கர்ப்பூரி தேவியிடமும் முறையாகக் கற்றுக்கொண்டார். இதை 'எஜமானியின் பெருந்தன்மை' கதையாக எழுதுபவர்கள் உண்டு. பெருந்தன்மை இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் மல்லா தெருப் பெண் ஒருத்திக்கு அந்த ஓவியம் கண்ணில் படுவதற்கே வேலைக்காரியாக உள்ளே போக வேண்டியிருந்தது என்பதும் அதே கதைதான்.

கற்றது பர்னி, கச்னி இரண்டும். நிறம் நிரப்புவதிலும் கோடு இழைப்பதிலும் குருமார்களின் சாயல் தெரியும். விஷயம் வேறு. படகு, வலை, இடுப்பளவு தண்ணீரில் நிற்கும் ஆட்கள், கூடையைத் தலையில் வைத்துச் சந்தைக்குப் போகும் பெண்கள். கோஹபரில் வட்டமிட்டு நீந்திய அதே மீன், அதே செதில் கோடு, அதே பெரிய கண். இப்போது வலைக்குள் இருக்கிறது. குடும்பத்துக்குச் சோறு போடும் மீன். சென்னையின் தாரா பதிப்பகம் 2010-இல் துலாரியின் வாழ்க்கைக் கதையை அவருடைய ஓவியங்களோடு படப்புத்தகமாக வெளியிட்டது. பீகாருக்கு வெளியே பலருக்கு அவர் பெயர் தெரிந்ததில் அதற்குப் பங்கு உண்டு. 2021-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பட்ஜெட் புடவைக்கு நான்கு ஆண்டு முன்பு.

இப்போதைய தலைமுறை இன்னும் தூரம் போய்விட்டது. 2003-இல் மதுபனியில் தொடங்கப்பட்ட மிதிலா கலை நிறுவனத்தில் இலவசமாகக் கற்றுக்கொடுத்தார்கள். சாதி பார்க்காமல், வரைந்து காட்டச் சொல்லித் தேர்ந்தெடுத்தார்கள். வீட்டுக்கு வீடு பிரிந்து கிடந்த பாணிகள் ஒரே வகுப்பறைக்குள் கலந்தன. அங்கே ஆசிரியராக இருந்த ராணி ஜா கருக்கலைப்பு மையத்தை வரைந்தவர். மகாசுந்தரி தேவியின் பேத்தி புஷ்பா குமாரி வெள்ளைத் தாளில் கறுப்பு மையால், பாட்டியின் கோட்டிலேயே, பாட்டி வரைந்திருக்க முடியாத ஆண் பெண் உறவுகளை வரைகிறார். மாளவிகா ராஜ் இன்னொரு கோடி. மதுபனிப் பாணியை எடுத்துக்கொண்டு தெய்வங்களைக் கழித்துவிட்டு புத்தரையும் அம்பேத்கரையும் கொண்டுவந்தார். மீன், தாமரை, மூங்கில் இல்லாமல் மதுபனி ஓவியமா என்று கேட்பவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். கங்கா தேவியின் மருத்துவமனைக் கட்டிலில் எத்தனை தாமரை இருந்தது?

இயற்கையை நேரடியாகக் காப்பாற்ற இந்த ஓவியம் பயன்பட்ட ஒரு சம்பவமும் உண்டு. 2012-இல் மதுபனி, ராம்பட்டி சாலையோர மரங்களை வெட்டுவதைத் தடுக்க, கிராம விகாஸ் பரிஷத் என்ற அமைப்பு உள்ளூர் ஓவியர்களைக் கொண்டு அடிமரங்களில் சுண்ணாம்பு பூசி ராமன், சீதை, கிருஷ்ணன், புத்தர் என்று வரையவைத்தது. சாமி படம் இருக்கும் மரத்தில் கோடாரி வைக்கக் கை வராது என்ற கணக்கு. நல்ல யோசனைதான், மரம் என்ற ஒரே காரணத்துக்காக மரத்தை விடமாட்டார்கள் என்பதை ஒத்துக்கொண்ட யோசனையும்கூட.

2017 அக்டோபரில் மதுபனி ரயில் நிலையச் சுவர்களை நூற்றுக்கும் மேற்பட்ட கலைஞர்கள் வரைந்து நிரப்பினார்கள். இந்தியாவின் அழகான ரயில் நிலையங்களில் ஒன்று என்று பரிசும் வந்தது. கலைஞர்கள் வேலை செய்தது ஊதியம் இல்லாமல், தன்னார்வமாக. தண்டவாளம் போட்டவரிடமோ விளக்கு மாட்டியவரிடமோ ஊருக்குப் பெருமை என்று சொல்லி இலவசமாக வேலை வாங்க முடியுமா? பெண்கள் காலம் காலமாக வீட்டுச் சுவரில் சும்மா வரைந்தார்களே, பொதுச் சுவரிலும் சும்மா வரையட்டும் என்ற எண்ணம் இன்னும் போகவில்லை.

விற்பனையின் நிலைமை இதைவிடச் சிக்கல். 1970-களிலேயே வியாபாரிகள் டெல்லியிலிருந்து வந்து, ஓடுகிற படம் எது என்று பார்த்து, அதையே திரும்பத் திரும்ப மலிவாக வரைந்து தரச் சொன்னார்கள். கிருஷ்ணனும் ராதையும், மயில் ஜோடி, மீன் ஜோடி. சொந்தமாக யோசித்து மூன்று வாரம் உட்கார்ந்து வரைந்ததற்கும் பார்த்துப் போட்டதற்கும் ஒரே விலை என்றால் யார் யோசிப்பார்கள்? 2007-இல் மதுபனி ஓவியத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அது காப்பாற்றுவது பெயரை. மீனையும் மயிலையும் அதே இரட்டைக் கோட்டில் எந்த ஊர் ஆலையும் துப்பட்டாவில் அச்சடித்து, "மதுபனி" என்ற பெயர் போடாமல் "டிரைபல் பிரிண்ட்" என்றோ வேறு என்னவோ சொல்லியோ விற்கத் தடை இல்லை. பெயரையே போட்டு விற்பவர்கள்மீது வழக்குப் போட ரான்டியிலிருந்து யார் எங்கே போவது?

நம் ஊர்க் கண்காட்சிகளில் கையால் வரைந்ததும் அச்சடித்ததும் பக்கத்துப் பக்கத்துக் கடையில் கிடைக்கும். கையால் வரைந்ததில் இரட்டைக் கோட்டுக்கு நடுவே போட்ட குறுக்குக்கோடுகள் ஒரே இடைவெளியில் இருக்காது, கோடு திரும்பும் இடத்தில் மை கொஞ்சம் தேங்கியிருக்கும். அச்சில் ஒரு மீனின் செதிலும் அடுத்த மீனின் செதிலும் அப்படியே ஒன்றாக இருக்கும். கையோவியமாக இருந்தால் கீழ் மூலையில் பெயரும் பல சமயம் ஊரும் எழுதியிருப்பார்கள். எழுத்து சில நேரம் தடுமாறும், ஓவியத்தின் கோட்டில் அந்தத் தடுமாற்றம் இருக்காது. துலாரி தேவி எழுதக் கற்றுக்கொண்டது தன் பெயரையும் ஊர்ப் பெயரையும் மட்டும்தான்.